ஆறு அங்குலத் திரையில் தாத்தாவின் படங்கள்

சென்ற ஆண்டு என் தாத்தாவுக்கு 80 வயது நிறைந்தது. குடும்பத்தில் ஆளுக்கொரு பரிசு யோசித்துக்கொண்டிருந்தபோது, அவர் எடுத்த புகைப்படங்களுக்காக ஓர் இணையத்தளம் உருவாக்கித் தருகிறேன் என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன். கணினித் துறையில் இரண்டாம் ஆண்டு படிக்கும் பேத்தி வேறென்ன கொடுக்க முடியும்?

தாத்தா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் செகண்ட் ஹேண்டாக ஒரு யாஷிகா கேமரா வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை என்றால் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு சிராங்கூன் சாலைக்குப் போய்விடுவாராம். தைப்பூசக் காவடிகள், பழைய தேக்கா சந்தை, சிங்கப்பூர் ஆற்றில் நெருக்கியடித்து நின்ற தொங்கான்கள் என்று கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்தார். சந்தை பிறகு சாலையின் எதிர்ப்பக்கத்துக்கு மாறியது. தொங்கான்களும் 1983ல் ஆற்றைவிட்டுப் போயின. தாத்தாவின் பிஸ்கட் டின்களில் மட்டும் எல்லாம் நெகட்டிவ்களாக அப்படியே இருந்தன.

பல்கலைக்கழகப் புகைப்பட மன்றத்தில் 24 மெகாபிக்சல் கேமரா ஒன்றை இரவல் வாங்கினேன். நெகட்டிவ்களை ஒளிப்பலகைமேல் வைத்து ஒவ்வொன்றாகப் படமெடுத்தேன். அந்தக் கால ஃபிலிம் சுருளில் 36 படங்கள் எடுக்கலாம் என்பதால், 36 படங்களையே தேர்ந்தெடுத்தேன். என் அறையில் உள்ள 27 அங்குலத் திரையில் மூன்று வாரம் உட்கார்ந்து தளத்தை உருவாக்கினேன். கறுப்புப் பின்னணி, சதுரச் சதுரமாக அடுக்கிய படங்கள், சுட்டியைப் படத்தின்மேல் கொண்டு சென்றால் மெல்ல எழும் விளக்கவரி. எனக்கே கர்வமாக இருந்தது.

பிறந்தநாளன்று அங் மோ கியோவில் உள்ள தாத்தா வீட்டுக் கூடத்தில் இருபதுக்கும் மேற்பட்ட உறவினர்கள் கூடியிருந்தார்கள். கேக் வெட்டிய பிறகு, கியூஆர் குறியீடு அச்சிட்ட அட்டையை மேசைமீது வைத்தேன். எல்லாரும் கைப்பேசியை நீட்டினார்கள். ஒரு நிமிடம் ஆனது. இரண்டு நிமிடம் ஆனது.

“ஒண்ணும் வரலையே,” என்றார் மாமா. என் ஒன்றுவிட்ட தம்பியின் கைப்பேசியில் பக்கம் பாதி தோன்றி, தானாக மறைந்து, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியது. ஜோகூர் பாருவிலிருந்து வந்திருந்த அத்தைக்கு ரோமிங் டேட்டா தீர்ந்துவிட்டது என்று குறுஞ்செய்தி வந்தது.

தாத்தா அப்பா வாங்கிக் கொடுத்த ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு மட்டும் படங்கள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. தைப்பூசப் படம் ஒன்றில் அவர் விரல் நின்றது. தட்டினார், எதுவும் நடக்கவில்லை. இரு விரல்களை விரித்துப் பெரிதாக்கப் பார்த்தார், அதுவும் நடக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு கேட்டார்: “உங்க பாட்டி எங்கம்மா?”

அந்தப் படத்தின் நடுவில் காவடி. வலது ஓரத்தில் கூட்டத்தோடு கூட்டமாக, கையில் டிபன் கேரியருடன் என் பாட்டி நிற்பார். அவர்களுக்குத் திருமணமான மறு ஆண்டு எடுத்த படம். ஃபிலிம் விலை அதிகம் என்று சொல்லித் தம்மைப் படமெடுக்கப் பாட்டி விடவே மாட்டாராம். அவருடைய இளமைக்காலப் படங்கள் எங்களிடம் நான்கைந்துதான் இருக்கின்றன. பாட்டி காலமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. தாத்தா அந்தப் படத்தில் தேடியது காவடியை அல்ல.

“நல்லா இருக்கு பாப்பா,” என்று சொல்லி டேப்லெட்டை ஓரமாக வைத்துவிட்டு, அலமாரியிலிருந்து பழைய ஆல்பத்தை எடுத்து வந்தார். மற்றவர்களும் அவரைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். அந்த ‘நல்லா இருக்கு’ எனக்கு இரவெல்லாம் உறுத்தியது.

சுருங்கியது படம், எடை அல்ல

மறுநாள் காலையில் எங்கே தவறு என்று தேடத் தொடங்கினேன். கைப்பேசியை நான் மறந்துவிடவில்லை என்பதுதான் வேடிக்கை. பாடத்தில் படித்ததையெல்லாம் செய்திருந்தேன்.

2007ல் ஐஃபோன் வந்தபோது இணையத்தளங்கள் பெரும்பாலும் கணினித் திரைக்காகவே உருவாக்கப்பட்டிருந்தன. அதனால் அதன் உலாவி, தன் திரை 980 பிக்சல் அகலம் என்று வைத்துக்கொண்டு பக்கத்தை வரைந்து, பிறகு அதைச் சுருக்கிக் காட்டியது. எழுத்துகள் எறும்பு வரிசைபோலத் தெரிந்தன. ‘உன் உண்மையான அகலத்திலேயே வரை’ என்று உலாவியிடம் சொல்வதற்கு ‘வியூபோர்ட்’ எனும் ஒரு வரிக் கட்டளை வந்தது. 2010ஆம் ஆண்டு மே மாதம், ஈத்தன் மார்க்காட் எனும் வடிவமைப்பாளர் எழுதிய ஒரு கட்டுரை ‘ரெஸ்பான்சிவ் வெப் டிசைன்’ என்ற பெயரை உலகுக்குத் தந்தது. நெகிழும் கட்டம், நெகிழும் படம், திரையின் அகலத்துக்கேற்ப விதிகளை மாற்றும் ‘மீடியா குவெரி’ ஆகிய மூன்றும் அதன் தூண்கள். ஒரே தளம், தண்ணீரைப்போல எந்தப் பாத்திரத்துக்கும் ஏற்ப வடிவம் கொள்ளும்.

என் தளமும் அப்படித்தான் இருந்தது. கணினியில் நான்கு வரிசை, டேப்லெட்டில் இரண்டு, கைப்பேசியில் ஒன்று. மடிக்கணினி உலாவியில் கைப்பேசித் திரையைப் பாவனை செய்து காட்டும் வசதி உண்டு. அதில் பார்த்தபோது எல்லாம் கச்சிதமாக இருந்தது.

ஆனால், ‘நெகிழும் படம்’ என்பது கண்ணுக்குத் தெரியும் அளவை மட்டுமே சுருக்கும். கோப்பின் எடை குறையாது. என் படங்கள் ஒவ்வொன்றும் 6000க்கு 4000 பிக்சல். ஒரு கோப்பு சராசரியாக 8 எம்பி. 36 படங்களுக்கு 288 எம்பி. இருபது பேர் ஒரே வேளையில், ஒரே வீட்டு வைஃபையில் அதைக் கேட்டிருக்கிறார்கள். அத்தையின் டேட்டா எங்கே போனது என்று அப்போதுதான் புரிந்தது.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றும் இருந்தது. ஜேபெக் என்பது அமுக்கி மடித்து வைத்த கோப்பு. திரையில் காட்டுவதற்கு அதைப் பிரித்தாக வேண்டும். பிரித்த பிறகு ஒரு பிக்சலுக்குப் பொதுவாக 4 பைட் தேவை. 24 மில்லியன் பிக்சலுக்கு 96 மில்லியன் பைட், அதாவது ஒரே படத்துக்கு ஏறத்தாழ 96 எம்பி நினைவகம். இப்படிப் பத்துப் படங்களை முழு அளவில் பிரித்தால் 1 ஜிபியை நெருங்கிவிடும். தம்பியின் கைப்பேசி பாதியில் மூச்சுத் திணறிப் பக்கத்தைக் கைவிட்டதில் வியப்பில்லை. என் மடிக்கணினியின் பாவனைத் திரைக்கு இந்தத் தொல்லை கிடையாது. அது கைப்பேசியின் அகலத்தைப் பாவனை செய்ததே தவிர, நினைவகம் என் மடிக்கணினியுடையதுதான்.

எத்தனை பிக்சல் போதும்?

ஒரு கைப்பேசிக்கு உண்மையில் எவ்வளவு தேவை? கணக்கு எளிமையானது. இன்றைய கைப்பேசிகள் பலவற்றின் திரை, தளத்தின் கணக்கில் 390 பிக்சல் அகலம். ஆனால் அடர்த்தி அதிகம் என்பதால் ஒவ்வொரு பிக்சலுக்கும் அகலவாக்கில் மூன்று ஒளிப்புள்ளிகள் இருக்கும். 390ஐ மூன்றால் பெருக்கினால் 1170. ஆக, திரையின் முழு அகலத்துக்குப் படத்தைக் காட்டினாலும் 1200 பிக்சல் போதும். நான் 6000 அனுப்பியிருந்தேன். அகலத்தில் ஐந்து மடங்கு, உயரத்திலும் ஐந்து மடங்கு, மொத்தத்தில் 25 மடங்கு.

இதற்கு எச்டிஎம்எல்லில் ‘எஸ்ஆர்சி-செட்’ என்ற வசதி இருக்கிறது. ஒரே படத்தை நான்கைந்து அளவுகளில் செய்து வைத்துப் பட்டியலைக் கொடுத்துவிட்டால், தன் திரைக்குப் பொருத்தமானதை உலாவியே தேர்ந்தெடுக்கும். நான் 480, 800, 1200, 2000 என நான்கு அகலங்களில் செய்தேன். கூடவே, திரையில் அந்தப் படம் எவ்வளவு அகலத்தில் காட்டப்படும் என்பதையும் ‘சைசஸ்’ என்ற குறிப்பில் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாவிட்டால், படம் திரையின் முழு அகலத்துக்கு வரும் என்று உலாவி எடுத்துக்கொண்டு, தேவைக்கு மேல் பெரியதைக் கேட்கும். முதல் முயற்சியில் நான் அதை விட்டுவிட்டு, ஏன் எடை குறையவில்லை என்று ஒரு மாலை முழுவதும் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

கோப்பு வகையையும் மாற்றினேன். ஜேபெக்கைவிட ‘வெப்பி’ வகையில் கோப்பு சிறியதாக வரும். ‘ஏவிஐஎஃப்’ பல நேரங்களில் இன்னும் சிறியதாக வரும். இவற்றைத் திறக்கத் தெரியாத பழைய உலாவிக்கு மாற்றாக ஜேபெக்கும் இருக்கும்படி செய்தேன்.

அடுத்து, திரைக்குக் கீழே இருக்கும் படங்களை, பார்ப்பவர் அங்கு நெருங்கும்போது மட்டும் இறக்கும்படி ஒரு சொல் சேர்த்தேன். இதை ‘லேசி லோடிங்’ என்பார்கள். ஆர்வக்கோளாறில் முதல் படத்துக்கும் அதையே போட்டுவிடக் கூடாது. பக்கம் திறந்ததும் கண்ணில் படவேண்டிய படம் அது. அதைத் தாமதப்படுத்தினால் மறுபடி வெள்ளைத் திரைதான். பக்கத்தின் மிகப் பெரிய உள்ளடக்கம் 2.5 விநாடிக்குள் தெரியவேண்டும் என்பது கூகல் வைத்திருக்கும் அளவுகோல். என் பழைய தளத்தை அதில் சோதித்துப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

இன்னொரு சிறு திருத்தம். அத்தை ஒரு படத்தைத் தட்டப்போகும் நேரத்தில் மேலே வேறொரு படம் வந்து இறங்க, பக்கம் குதித்து விரல் வேறெங்கோ பட்டது. ஒவ்வொரு படத்தின் அகலத்தையும் உயரத்தையும் முன்கூட்டியே குறித்துவிட்டால், கல்யாணப் பந்தியில் இலை போட்டு இடம் பிடித்து வைப்பதுபோல, உலாவி அதற்கான இடத்தை ஒதுக்கிவிடும். பக்கம் குதிக்காது.

இவ்வளவும் செய்தபின் முதல் பக்கம் திறக்கத் தேவைப்பட்டது 1 எம்பிக்கும் குறைவு.

தளத்தில் தாத்தாவின் வீட்டுக்கூடத்தை நான் கைப்பேசியில் எடுத்த ஒரு படமும் இருந்தது. கைப்பேசிப் படத்துக்குள் அது எடுக்கப்பட்ட இடத்தின் துல்லியமான குறிப்பும் பதிந்திருக்கலாம். அதை அப்படியே ஏற்றியிருந்தேன். எண்பது வயதுக்காரரின் வீட்டு முகவரியை ஊருக்கே அறிவித்ததற்குச் சமம். படத்தைச் சிறிதாக்கும்போதே அந்தக் குறிப்பையும் நீக்கிவிட்டேன். நீங்களும் மறக்காதீர்கள்.

ஓரத்தில் நின்றவர்

எடை சரியானது. ஆனால், பாட்டி இன்னும் வரவில்லை.

படங்கள் நேர்த்தியாக அடுக்கி வைத்ததுபோல் இருக்கவேண்டும் என்று எல்லாவற்றையும் சதுரமாகக் காட்டும்படி செய்திருந்தேன். தாத்தாவின் ஃபிலிம் படங்களின் அகலமும் உயரமும் மூன்றுக்கு இரண்டு என்ற விகிதம். அதை நடுவிலிருந்து சதுரமாக வெட்டினால், இடப்பக்கம் ஆறில் ஒரு பங்கும் வலப்பக்கம் ஆறில் ஒரு பங்கும் போய்விடும். மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு படம் காணாமல் போகும். பாட்டி நின்றது அந்த வலப்பக்க ஆறில் ஒரு பங்கில்.

கணினியில் அந்தச் சதுரத்தைச் சுட்டியால் சொடுக்கினால் முழுப்படமும் திறக்கும். அதனால் நான் கவனிக்கவில்லை. டேப்லெட்டில் அதுவும் வேலை செய்யவில்லை. சுட்டி மேலே வந்தால் விளக்கவரி எழும்படி நான் எழுதியிருந்த கட்டளை, விரலின் முதல் தட்டலை விழுங்கிவிட்டது. விரலுக்கு ‘மேலே மிதப்பது’ என்ற நிலையே இல்லை. ஒன்று தொடும், இல்லாவிட்டால் தொடாது. சுட்டி மிதந்தால் மட்டுமே தெரியும் எதுவும் கைப்பேசிக்காரருக்கு இல்லாததற்குச் சமம்.

சதுரங்களைக் கைவிட்டேன். ஒவ்வொரு படமும் தாத்தா பார்த்து எடுத்த வடிவத்திலேயே வரும்படி மாற்றினேன். நிமிர்த்தி எடுத்த படம் நிமிர்ந்தே நிற்கும். அடுக்கு கொஞ்சம் மேடுபள்ளமாகத்தான் தெரிகிறது. தெரியட்டும். விளக்கவரியைப் படத்துக்குக் கீழே நிரந்தரமாக வைத்தேன். சாம்பல் நிறத்தில் இருந்த எழுத்தை வெளுப்பாக்கினேன், வெயிலில் பேருந்து நிறுத்தத்தில் நின்று பார்ப்பவருக்கும் தெரியவேண்டும் அல்லவா?

பொத்தான்களையும் பெரிதாக்கினேன். தொடுவதற்கான இடம் 44 புள்ளியாவது இருக்கட்டும் என்கிறது ஆப்பிளின் வழிகாட்டி. ஆண்ட்ராய்டு வழிகாட்டி 48 என்கிறது. 2023ல் வெளியான அனைத்துலக இணைய அணுகல் விதிமுறைகள், 24 பிக்சலுக்குக் குறையாமல் இருக்கவேண்டும் என்கின்றன. நான் வைத்திருந்த ‘அடுத்து’ அம்புக்குறி 16 பிக்சல். துறைமுகத்தில் கயிறு இழுத்த விரலுக்கு அது எம்மாத்திரம்?

பெரிதாக்கும் உரிமை

இந்தத் திட்டத்தில் நான் வெட்கப்படும் தவறு ஒன்று உண்டு. தாத்தா விரல்களை விரித்தபோது படம் ஏன் பெரிதாகவில்லை? நான் தடுத்திருந்தேன்.

முன்பு சொன்ன அந்த ‘வியூபோர்ட்’ வரியிலேயே, பார்ப்பவர் பக்கத்தைப் பெரிதாக்க முடியாதபடி தடைபோட ஒரு வழி இருக்கிறது. பெரிதாக்கினால் என் அடுக்கு கலைந்துவிடுமே என்று அதைச் சேர்த்திருந்தேன். 2016ல் வந்த ஐஓஎஸ் 10 முதல், ஐஃபோனின் சஃபாரி உலாவி அந்தத் தடையைப் பொருட்படுத்துவதில்லை. என் கைப்பேசி ஐஃபோன். அதில் பெரிதாக்க முடிந்ததால் தடை இருப்பதே எனக்கு மறந்துபோனது. தாத்தாவின் ஆண்ட்ராய்டு டேப்லெட்டோ நான் சொன்னதைக் கேட்டு, அவர் விரலைத் தடுத்தது.

அந்தத் தடையை நீக்க சில விநாடிகள்தான் ஆயின. ஆனால், அடுத்த சிக்கல் உடனே எழுந்தது.

மூலப்படத்தில் பாட்டியின் முகம் சுமார் 150 பிக்சல் அகலம். படத்தை 1200க்குச் சுருக்கிவிட்டேன் அல்லவா? முகமும் 30 பிக்சலாகச் சுருங்கியிருந்தது. தாத்தா எவ்வளவுதான் விரலை விரித்தாலும் மங்கலான புள்ளிகளே பெரிதாகத் தெரியும். விரலால் பெரிதாக்கும்போது உலாவி தானாகப் போய் இன்னும் பெரிய கோப்பை எடுத்து வராது.

தளம் வேகமாகத் திறக்கவேண்டும் என்றால் படம் இலேசாக இருக்கவேண்டும். பாட்டியின் முகம் தெரியவேண்டும் என்றால் படம் கனமாக இருக்கவேண்டும். பாடப்புத்தகத்தில் இதற்கு ஒரே விடை கிடையாது. யார், எதற்காகப் பார்க்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. மாமாவுக்கு 36 படங்களையும் ஒரு சுற்று பார்த்தால் போதும். தாத்தாவுக்கு ஒரே படத்தில் அரை மணி நேரம் இருக்கவேண்டும்.

கடைசியில், இரண்டையும் வைத்தேன். முதலில் வருவது சிறிய படம். தட்டினால் திரை நிறைய 2000 பிக்சல் படம். அதன் கீழே ‘இன்னும் பெரிதாகப் பார்க்க’ என்று ஒரு பொத்தான், பக்கத்திலேயே ‘8 எம்பி’ என்ற குறிப்பு. அழுத்தினால் மூலப்படமே வரும். டேட்டா செலவழிப்பதா வேண்டாமா என்பதைப் பார்ப்பவர் முடிவுசெய்யட்டும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு பெரிய படம் என்பதால் கைப்பேசியும் தாங்கிக்கொள்கிறது.

நடுவில் மாட்டிக்கொண்ட டேப்லெட்

டேப்லெட்டைப் பெரிய கைப்பேசி என்று சிலர் நினைக்கிறார்கள், சிறிய கணினி என்று சிலர் நினைக்கிறார்கள். இரண்டும் முழு உண்மை அல்ல. அதைத் தாத்தா மடியில் கிடத்தி வைத்துப் பார்க்கிறார். அத்தை இரு கைகளாலும் பிடித்துப் பார்க்கிறார். கட்டைவிரல்கள் எட்டுவது திரையின் இரு ஓரங்கள்தான். அதனால் ‘முந்தைய’, ‘அடுத்து’ பொத்தான்களை மேலிருந்து எடுத்து, பக்கவாட்டில் நடு உயரத்தில் வைத்தேன். குறுக்காகத் திருப்பினால் திரையின் உயரம் குறைந்துவிடும். படம் அந்த உயரத்துக்குள் முழுமையாக அடங்குகிறதா என்று தனியாகப் பார்க்கவேண்டியிருந்தது.

எந்தச் சாதனம் என்று கண்டறிந்து அதற்கேற்பக் காட்டலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. 2019ல் வந்த ஐபேட்ஓஎஸ் 13 முதல், ஐபேடின் சஃபாரி உலாவி தளங்களிடம் தன்னை மேக் கணினி என்றே பொதுவாகச் சொல்லிக்கொள்கிறது. பெயரை நம்பி வடிவமைத்தால் ஏமாறுவோம். சாதனத்தின் பெயரைக் கேட்காமல், எவ்வளவு இடம் இருக்கிறது, பார்ப்பவரிடம் இருப்பது விரலா சுட்டியா என்று மட்டும் கேட்பதே நல்லது. இவ்விரண்டையும் சிஎஸ்எஸ்ஸில் கேட்க வழி உண்டு. அடுக்கை எந்த அகலத்தில் மாற்றுவது என்பதையும் படங்களே சொல்லும். உலாவியின் சாளரத்தை மெல்ல இழுத்துச் சுருக்குங்கள். எந்த இடத்தில் படங்கள் நெருக்கடியாகத் தெரிகின்றனவோ அங்கே மாற்றுங்கள்.

தமிழுக்கு இடம் விடுங்கள்

விளக்கவரிகளைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தேன். பள்ளியில் இரு மொழிகளையும் படித்தேன், ஆனாலும் வடிவமைக்கும்போது என் கண் ஆங்கிலத்தையே அளவுகோலாக வைத்திருந்தது. ஆங்கிலத்துக்குச் சரியாக இருந்த பெட்டியில் ‘ஸ்ரீ தெண்டாயுதபாணி ஆலயம்’ அடங்கவில்லை. கைப்பேசியில் பெட்டியைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

தமிழ்ச் சொற்கள் நீளமானவை. பெட்டிக்கு அகலத்தை இறுக்கிக் கட்டாமல், சொல்லுக்கேற்ப வளர விடவேண்டும். நம் எழுத்துகளுக்கு மேலே கொம்பும் கீழே வாலும் உண்டு. வரிகளை நெருக்கினால் மேல்வரியின் உகரமும் கீழ்வரியின் இகரமும் மோதிக்கொள்ளும். வரி இடைவெளியைத் தமிழுக்கு மட்டும் கூட்டினேன். எழுத்தின் அளவையும் ஒரு படி ஏற்றினேன். இது தமிழ் என்று பக்கத்தில் மொழிக் குறியீடு கொடுத்தால், பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்காகத் திரையை வாசித்துக் காட்டும் செயலி சரியான மொழியில் வாசிக்க வாய்ப்புண்டு. அதே காரணத்துக்காக ஒவ்வொரு படத்துக்கும் அதில் என்ன இருக்கிறது என்று ஒரு வரி வருணனையும் எழுதினேன். தைப்பூசப் படத்துக்கு முதலில் ‘காவடி’ என்று மட்டும் எழுதினேன். பிறகு அழித்துவிட்டு ‘காவடி, வலது ஓரத்தில் டிபன் கேரியருடன் பாட்டி’ என்று எழுதினேன்.

சோதனை ரயிலில்

இம்முறை மடிக்கணினியின் பாவனைத் திரையை நம்பவில்லை. அத்தையின் நான்கு வயதான ஆண்ட்ராய்டு கைப்பேசி, தம்பியின் கைப்பேசி, தாத்தாவின் டேப்லெட் ஆகிய மூன்றிலும் சோதித்தேன். ரயில் சுரங்கப்பாதைக்குள் போகும்போது திறந்து பார்த்தேன். நண்பகல் வெயிலில் பார்த்தேன். ஒரு கையில் பை பிடித்துக்கொண்டு, மறுகையின் கட்டைவிரலால் மட்டும் பார்த்தேன். ஒவ்வொரு சோதனையிலும் ஏதாவதொரு குறை தெரிந்தது.

பள்ளித் திட்டப்பணிக்கோ, பலதுறைத் தொழிற்கல்லூரிக்கோ, பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கோ தங்கள் படைப்புகளைத் தளமாக வைக்கும் நண்பர்கள் இன்று பலர். அவர்களுக்கும் இது பொருந்தும். உங்கள் தளத்தைத் தேர்வாளர் பெரிய திரையில்தான் பார்ப்பார் என்று எந்த உறுதியும் இல்லை. கூகல் தேடலும் தளங்களின் கைப்பேசி வடிவத்தையே முதன்மையாகப் படித்துப் பட்டியலிடுகிறது. பெரிய திரையில் முடித்துவிட்டுக் கடைசியில் கைப்பேசிக்குச் சுருக்குவதைவிட, சிறிய திரையில் தொடங்கிப் பெரியதற்கு விரிப்பது எளிது என்பதை நான் மூன்று வாரத்தை வீணாக்கிக் கற்றேன். நீங்கள் இந்தப் பக்கத்தைப் படித்தே கற்றுக்கொள்ளலாம். முடித்ததும், உங்களைவிட மூத்த ஒருவர் கையில் கொடுத்துவிட்டு, எதுவும் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அவருடைய விரல் எங்கே தயங்குகிறதோ அங்கேதான் உங்கள் அடுத்த வேலை.

பிறந்தநாள் முடிந்து ஏழு வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை தாத்தாவிடம் டேப்லெட்டைக் கொடுத்தேன். பக்கம் உடனே திறந்தது. அவர் கீழே நகர்த்திக்கொண்டே போய்த் தைப்பூசப் படத்தில் நின்றார். தட்டினார். பெரிய பொத்தானை அழுத்தினார். இரு விரல்களை விரித்தார். டிபன் கேரியர், கை, தோள், முகம்.

நெடுநேரம் எதுவும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

பிறகு கண்ணாடியை மேலே தூக்கிவிட்டுக்கொண்டு, கீழே இருந்த விளக்கவரியைப் படித்தார். “பாப்பா, இது 1974னு போட்டிருக்கே. தப்பு. எழுபத்து மூணு. அந்த வருஷம்தான் உங்க பாட்டி இந்த கேரியர வாங்குனா.”

அன்று மாலையே திருத்திவிட்டேன். மீதமுள்ள 35 படங்களின் விளக்கவரிகளையும் இப்போது தாத்தாதான் ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறார்.